குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று எப்போது கவனித்தீர்கள்?

திருச்சி அம்மா:
என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குக்கர் விசில் அடித்தாலும் எழமாட்டாள். ‘தங்கமான பிள்ளை, என்ன தூக்கம்!’ என்று வீட்டில் எல்லோரும் மெச்சினோம். ஒன்பதாம் மாதம் எனக்குச் சந்தேகம் தட்டியது. மாமியார் அவள் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைப் போட்டுப் பார்த்தார். சட்டென்று திரும்பினாள். அவள் திரும்பியது தரை அதிர்ந்ததற்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. “இவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்றார் மாமியார். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

14-ஆம் மாதம் பெரா டெஸ்ட் எடுத்தோம். தூங்கும் குழந்தையின் தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு காதிலும் கேட்கவில்லை.

ஆடியாலஜிஸ்ட் (கேள்திறன் நிபுணர்) சொன்னதை மறக்கவே முடியாது. உள்காது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதமே உருவாகிவிடுகிறது. 25 வாரம் வாக்கில் குழந்தை ஒலிக்கு அசையும். ஆனால் கேட்கிற மூளை கேட்டுக் கேட்டுத்தான் வளரும். ஒலியே வராவிட்டால் அந்த இடத்தைப் பார்வை போன்ற மற்ற புலன்கள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மூன்றரை வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக மாற்றி நேரே கேட்கும் நரம்புக்கு அனுப்பும், அறுவை செய்து வைக்கும் கருவி) வைத்தால் பலன் அதிகம். அவளுக்கு இரண்டு வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வைத்தார்கள். சுவிட்ச் ஆன் செய்த அன்று பயந்து அழுதாள். அப்புறம் கேட்கவும் பேசவும் பழக்க விடாமல் தெரபி.

சேலத்திலிருந்து:
என் மகன் 29 வாரத்தில் பிறந்தான். என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) மானிட்டர் சத்தம் ஓயாது. வயிற்றுக்குள் இருந்திருந்தால் கீச்சென்ற ஒலியெல்லாம் மங்கி, என் குரலும் இதயத்துடிப்பும்தான் அவனுக்கு அதிகம் கேட்டிருக்கும். கங்காரு பராமரிப்புக்கு நெஞ்சோடு அணைத்திருக்கும்போது, “பேசும்மா, சும்மா உட்காரக் கூடாது” என்பார் நர்ஸ் அக்கா. அன்றைய சமையல், அப்பா எந்த பஸ்ஸில் வருகிறார் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகுதான் படித்தேன்: பாஸ்டனில் குறைமாதக் குழந்தைகளுக்கு அம்மாவின் குரலையும் இதயத்துடிப்பையும் தினமும் கேட்கவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூளையின் கேட்கும் பகுதி பெரிதாக வளர்ந்திருந்ததாக 2015-இல் ஆய்வு வெளியானது.

ஒன்று சொல்ல வேண்டும். என்ஐசியுவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த பிள்ளைக்கு ஓஏஈ (காதில் ஒலி அனுப்பி, உள்காது திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியைப் பதியும் சோதனை) மட்டும் போதாது. அது உள்காதோடு நின்றுவிடும், நரம்பைப் பார்க்காது. பெரா வகைச் சோதனையும் கேட்டு வாங்குங்கள்.

திருச்சி அம்மா:
எங்களுக்கு அந்த ஓஏஈகூட எடுக்கவில்லை, கேட்கவும் தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பம், இதுதான் கணக்கு. மகளுக்கு இப்போது ஐந்து வயது. மூன்றாவது விசில் வந்ததும் “அம்மா, அடுப்பை அணை!” என்று கூடத்திலிருந்து அவள்தான் கத்துகிறாள்.