ஸ்மோல்டரிங் – தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கோவை, திங்கள்

குழுவினருக்கு வணக்கம். சூழலியல் இதழ் ஒன்றுக்காகக் கட்டுரை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தொழில்வள நாடுகளின் காடுகளிலிருந்து 1990 முதல் வெளியேறிவரும் மீத்தேன் பற்றியது. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் முதல் இணைப்பில் உள்ள நாடுகள் ஆண்டுதோறும் தரும் கணக்குகள்தான் அடிப்படை. பெருந்தீ வந்த ஆண்டுகளில் வரைபடக் கோடு எகிறிக் குதிக்கிறது. போர்ச்சுகலுக்கு 2003, 2017.

கொழுந்துவிட்டு எரிந்தால் விறகிலுள்ள கார்பன் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கொழுந்து அடங்கி உள்ளுக்குள் வேகும்போதுதான் மீத்தேன் கூடுகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியைப் பாருங்கள்: ஒரு கிலோ உலர்பொருள் எரிந்தால் புல்வெளிக்கு 2.3 கிராம் மீத்தேன், வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள காட்டுக்கு 4.7 கிராம். புல் சட்டென்று பற்றி முடிந்துவிடும். அடிமரமும் தரைச்சருகும் நாள்கணக்கில் வேகும். ஆங்கிலத்தில் ஸ்மோல்டரிங் எனப்படும் இந்த வேகும் நிலைக்குத்தான் சொல் வேண்டும். இப்போதைக்குப் 'புகைந்தெரிதல்' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

மதுரை, திங்கள்

வள்ளுவர் கொடுத்த சொல் இருக்கும்போது தேடுவானேன்? 'வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால் தீயெச்சம் போலத் தெறும்' (674). அணைக்காமல் விட்ட நெருப்பு பின்னால் கெடுக்கும் என்கிறார். காட்டுத்தீக்கு இதைவிடப் பொருத்தமாக எது வரும்? 'தீயெச்சம்' என்றே எழுதுங்கள்.

சென்னை, செவ்வாய்

ஐயா, தீயெச்சம் என்பது மிஞ்சிய நெருப்பு, ஒரு பொருள். அக்கா கேட்பது ஒரு நிகழ்வின் பெயர். 'தீயெச்சமாகிக்கொண்டிருந்த காடு' என்று எழுத முடியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எச்சம் என்றால் ஒன்று வினையெச்சம், இன்னொன்று காக்கை எச்சம். 'கனலுதல்' போதுமே. மனசுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், யாருக்கும் அகராதி வேண்டாம்.

ரொறன்ரோ, செவ்வாய்

எங்கள் பக்கம், இலங்கையில், மெதேன் என்றுதான் படித்தோம், வெளியேற்றத்துக்குக் 'காலல்' என்று பாடநூலிலேயே உண்டு. நீங்கள் 'உமிழ்வு' என்கிறீர்கள். பழந்தமிழில் கால்தலும் உமிழ்தல்தான், ஆகவே சண்டை வேண்டாம்.

இங்கே கனடாவில் இந்தச் சொல் வெறும் ஏட்டுச்சொல் இல்லை. 2016 மே தொடக்கத்தில் ஃபோர்ட் மக்மரியில் மூண்ட தீ முற்றாக அணைந்தது என்று அறிவித்தது 2017 ஆகஸ்டில். இடையில் ஒரு முழுப் பனிக்காலம். மேலே பனி, கீழே முற்றா நிலக்கரி (பீட்) மண்ணுக்குள் நெருப்பு. 2023 யூனில் கியூபெக் காட்டுப் புகை இங்கே வந்தபோது சன்னல் சாத்தியும் வீட்டுக்குள் ஈரவிறகு மணம். கொழுந்தை நாங்கள் காணவேயில்லை. அதனால் எனக்கு 'நீறுபூத்தல்' பிடிக்கும்.

இன்னொன்றையும் கட்டுரையில் கவனியுங்கள். பராமரிப்பில் உள்ள காட்டை மட்டுமே கனடா தன் கணக்கில் சேர்க்கும். அதிலும் இயற்கைப் பெருந்தீயின் வெளியேற்றத்தை மனிதச் செயலின் கணக்கிலிருந்து பிரித்து வைக்கும். 2023-இல் எரிந்த ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேரின் புகை முழுவதையும் அந்தக் கோட்டில் தேடாதீர்கள். சொல் சரியாக இருந்தும் கோடு தவறாக வாசிக்கப்பட்டால் என்ன பயன்?

இராமநாதபுரம், புதன்

என் தாத்தா கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். முதலில் வெள்ளைப்புகை கனமாக வரும். புகை மெலிந்து நீலம் பாரித்தால் கரி ஆகிவிட்டது என்று பொருள். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் கொழுந்து பிடித்து எல்லாம் சாம்பல். அதனால் ராத்திரி முழுக்க டார்ச் லைட்டோடு சுற்றி வருவார். விரிசல் கண்ட இடத்தில் ஒரு கை மண்ணை அப்புவார்.

அக்கா கேட்பது இதைத்தான்: காற்று போதாமல் வேகும் நெருப்பு. தொழிலுக்குள் சொல் இருக்கிறது. 'மூட்டெரி' என்று வைத்தால் என்ன?

மதுரை, புதன்

மூட்டம் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஓடு, ஓட்டம்; ஆடு, ஆட்டம்; அதுபோல மூடு, மூட்டம். மேகமூட்டம் அப்படி வந்தது. ஆனால் தீ மூட்டு என்பதிலிருந்தும் மூட்டம் வரும். 'மூட்டெரி' என்றால் மூடிய எரியா, மூட்டிய எரியா? இரண்டாவது என்றால் பொருள் தலைகீழ். யாரோ கொளுத்திவிட்ட தீ என்று ஆகிவிடும்.

இராமநாதபுரம், புதன்

ஐயா, இரண்டும் இருப்பதுதான் அந்தச் சொல்லின் அழகு. மூட்டுகிறோம், மூடுகிறோம்.

சென்னை, வியாழன்

அழகுதான். ஆனால் திருச்சிக்கு வடக்கே எத்தனை பேருக்குக் கரிமூட்டம் தெரியும்? மேலும் காட்டு மீத்தேன் எல்லாமே தீயிலிருந்து வருவதில்லை. பின்லாந்தில் ஈரநிலத்தை வடித்துக் காடாக்கிய இடங்களில் வாய்க்கால் நீரிலிருந்தே மீத்தேன் வரும். ஐபிசிசி 2013 துணைநூலில் வாய்க்காலுக்குத் தனிக் கணக்கு. அந்தப் பத்திக்கு இந்தச் சொல் எதுவும் ஒட்டாது, கலந்துவிடாதீர்கள்.

கோவை, வெள்ளி

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்தால் புகைந்தெரிதலுக்கு நான்கு பேர், மூட்டெரிக்கு இருவர், கனலுதல், நீறுபூத்தல், தீயெச்சம் தலா ஒருவர். ஆசிரியர் மாலைக்குள் கோப்பைக் கேட்கிறார், புகைந்தெரிதல் என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'கரிமூட்டத்துக்குள் நடப்பதுபோலக் காற்று போதாமல் வேகுதல்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கனடாவின் கணக்கு முறை பற்றியும் ஆசிரியருக்குக் குறிப்பு எழுதிவிட்டேன்.

இராமநாதபுரம், வெள்ளி இரவு

விளக்கம் சேர்த்ததற்கு நன்றி அக்கா. சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பச்சை விறகு கொழுந்துவிட்டு எரியும்போதும்தான் புகைகிறது. கட்டுரை நூலாக வரும்போது மறுபடி கேட்பேன்.