'ஸ்டாக்', 'ஃப்ளோ': குடிபெயர்வு ஆய்வுக்கு இரு சொற்கள்

அன்புடையீர்,

'மைகிரன்ட் ஸ்டாக்', 'மைகிரேஷன் ஃப்ளோ' இரண்டையுமே 'குடிபெயர்ந்தோர் எண்ணிக்கை' என்று எழுதிவிடுகிறோம். 2024 நடுவில் உலகில் 30.4 கோடிப் பேர் என்று ஐ.நா. மதிப்பிட்டது ஸ்டாக்: எந்த ஆண்டு வந்திருந்தாலும், அன்று பிறநாட்டில் வாழ்ந்தவர்கள் அத்தனை பேரும் அதில் அடக்கம். ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் நடந்த நாடு மாற்றங்களின் கணக்கே ஃப்ளோ. 'எண்ணிக்கை' என்று மட்டும் எழுதினால், அவ்வளவு பேரும் அந்த ஓராண்டில் நாடு மாறியதாகப் படிக்கிறார்கள்.

அணைச் செய்திகளில் 'நீர் இருப்பு', 'நீர்வரத்து' என்கிறோம். அதே வழியில் 'குடிபெயர்ந்தோர் இருப்பு', 'குடிபெயர்வு வரத்து' எனலாமா?

———

> 'குடிபெயர்ந்தோர் இருப்பு'

வணக்கம். இருப்பு வேண்டாம், கிடங்குச் சரக்கைச் சொல்வதுபோல் இருக்கிறது. 'மக்கள்தொகை' பழகிய சொல். அதை ஒட்டிக் 'குடிபெயர்ந்தோர் தொகை' போதும்.

> 'குடிபெயர்வு வரத்து'

வரத்து உள்ளே வருவது மட்டும்தான், ஃப்ளோ இருவழி. எதிர்ச்சொல்லாகப் 'போக்கு' வைத்தால் டிரெண்ட் என்றே படிப்பார்கள். 'வெளியேற்றம்' என்பதில் யாரோ துரத்திவிட்ட பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தானாகப் போவதற்கு 'வெளியேறுகை' சரி. பொதுச்சொல்லாகக் 'குடிபெயர்வு ஓட்டம்' என்று முன்மொழிகிறேன்.

வேறுபாடு இலக்கணத்திலேயே தெரிய வேண்டும். 'பெயர்ந்தோர்' ஆட்கள், 'பெயர்வு' செயல். ஒருவரே வந்து, போய், மீண்டும் வந்தால், நிகழ்வுகளை எண்ணும் பதிவேட்டில் மூன்று பெயர்வுகள். தொகையில் அவர் ஒருவர்தான்.

கணக்கில் அதிகம் தவறுவது இங்கே. பிறந்த நாட்டை வைத்து எண்ணிய தொகை 1,000 என்று கொள்வோம். ஆண்டுக்குள் 120 பேர் வருகிறார்கள், 50 பேர் வெளியேறுகிறார்கள், 20 பேர் இறக்கிறார்கள். ஆண்டு முடிவில் தொகை 1,050. வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த நிகரப் பெயர்வு 70. தொகை கூடியதோ 50. இரண்டு ஆண்டுத் தொகைகளைக் கழித்து வருவதை 'நிகரப் பெயர்வு' என்று எழுதினால் இறப்பு முழுதும் காணாமல் போகிறது. குடிபெயர்ந்தோருக்கு அங்கே பிறந்த குழந்தைகள் இந்தத் தொகையில் சேரமாட்டார்கள். குடியுரிமையை வைத்து எண்ணும் நாட்டில், பிறப்பால் குடியுரிமை கிடைக்காத குழந்தை சேரும். குடியுரிமை பெற்றுவிட்ட பெற்றோர் கழிந்துபோவார்கள். அட்டவணைத் தலைப்பில் அடிப்படையைச் சொல்லாமல் இரு நாடுகளை ஒப்பிடவே கூடாது.

———

'தொகை' எனக்கும் சம்மதம். 'ஓட்டம்' பற்றித் தயக்கம். பணவோட்டம் என்றால் உறுத்தாது. மனிதருக்குச் சொன்னால் தப்பி ஓடுவது. 'பாய்வு' இன்னும் மோசம், வெள்ளம் வருகிறது என்ற அச்சத்தை ஆய்வுச் சொல்லே ஊட்டிவிடும். நான் தொடங்கிய அணை உவமையையே கைவிடுகிறேன்.

ஃப்ளோவுக்கு எப்போதும் ஒரு கால அளவு உண்டு. அதையே சொல்லுக்குள் வைப்போம்: 'ஆண்டுக் குடிபெயர்வு', 'ஐந்தாண்டுக் குடிபெயர்வு'. காலத்தைக் குறிக்காமல் எழுதவே முடியாது. பிரிவுகள்: உள்வருகை, வெளியேறுகை, நிகரம்.

ஒன்று மிச்சம். 1991இல் சோவியத் ஒன்றியம் பிரிந்தபோது, முன்பு ஒரு குடியரசில் பிறந்து இன்னொன்றில் வாழ்ந்தவர்கள் இருந்த வீட்டில் இருந்தபடியே பன்னாட்டுக் குடிபெயர்ந்தோர் கணக்கில் சேர்ந்தார்கள். எல்லைதான் நகர்ந்தது. நாடு விட்டு நாடு போகாத அவர்களைப் 'பெயர்ந்தோர்' என்பது பொய். எனவே பிறப்பிடத்தை வைத்து எண்ணிய அட்டவணைக்கு 'அயல்நாட்டில் பிறந்தோர் தொகை' என்றும், குடியுரிமையை வைத்து எண்ணியதற்கு 'அயல்குடியுரிமையர் தொகை' என்றும் தலைப்பிடலாம். பின்னதற்கு இன்னும் எளிய வடிவம் இருந்தால் எழுதுங்கள்.