ஓடுற ஷூ: ஆன்லைனா, கடையா?

கேள்வி: முதல் தடவை ஓடுற ஷூ வாங்கணும். ஆன்லைன்ல அளவு சரியா வருமா?

பதில் 1: முதல் ஜோடின்னா கடைதான். சாயங்காலம் போங்க, கால் அப்போ கொஞ்சம் வீங்கியிருக்கும். சாக்ஸோட ரெண்டு காலுலயும் மாட்டி எழுந்து நில்லுங்க. நீளமான விரலுக்கு முன்னால கட்டைவிரல் அகலம் இடம் வேணும். குதிகால் வழுக்கினா வைச்சிட்டு வந்துடுங்க.

பதில் 2: அதே மாடல் மறுபடி வாங்க ஆன்லைன் போதும். புதுப் பதிப்புன்னா அளவு மாறலாம். குதிகாலைச் சுவரோட ஒட்டி, பேப்பர் மேல நின்னு, விரல் நுனியில கோடு போட்டு அளங்க. ரெண்டுல பெரிய கால்தான் கணக்கு. சைஸ் நம்பர் மட்டும் பார்த்தா ஏமாறுவீங்க: யூகே அளவுல ஒரு நம்பர் கூடினா நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், ஐரோப்பிய அளவுல சுமார் 6.7 மி.மீ.தான்.

பதில் 3: ஆன்லைன்ல வாங்கின ஷூ வந்ததும் வீட்டுக்குள்ள விரிப்பு மேலயே நடந்து பாருங்க. அடியில மண் ஒட்டினா பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டாங்க. ஷூ பெட்டி மேலயே டேப் ஒட்டி அனுப்பாதீங்க, அதுக்கும் தகராறு வரும்!