கயிறு, கோடு, வழுக்கின கால்

நேரலையில பார்த்துக்கிட்டு இருக்கும்போது நம்மளை அறியாம எழுந்து நின்ன ஒரு நொடி எல்லாருக்கும் இருக்கும். யார் ஜெயிச்சாங்கன்னு வேணாம், அந்த நொடியை மட்டும் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

2024 மே, ரியாத், உசிக் – ஃபியூரி குத்துச்சண்டை. ஹெவிவெயிட்ல நாலு சாம்பியன் பெல்ட்டும் ஒரே ஆள் இடுப்புக்குப் போன முதல் சண்டை. லெனாக்ஸ் லூயிஸ் 1999-ல எல்லா பெல்ட்டையும் ஒண்ணு சேர்த்ததுக்கப்புறம், ‘இவர்தான் சாம்பியன்’னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஆளே அந்த எடையில கிடையாது. நாலாவது ரவுண்டுல இருந்து ஏழாவது வரைக்கும் ஃபியூரி ராஜ்ஜியம்தான். உடம்புல அப்பர்கட்டா இறக்கிக்கிட்டே நடுவுல சேட்டை வேற. எடையில 17 கிலோவுக்கு மேல கூடுதல், உயரம் ஆறங்குலம் கூடுதல். உசிக் கதை முடிஞ்சுதுன்னுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது ரவுண்டுல ஒரு இடது கை வந்து இறங்குச்சு பாருங்க! ஃபியூரி கீழ விழல. இந்தக் கயித்துல மோதி அந்தக் கயித்துக்குப் போய்த் தள்ளாடுறார், உசிக் பின்னாடியே துரத்தித் துரத்தி அடிக்கிறார். ரெஃப்ரி உள்ள புகுந்து எண்ண ஆரம்பிச்சுட்டார். கயிறு தாங்கலைன்னா விழுந்திருப்பார், அதனால அதுவும் நாக்டவுன்தான், விதி அப்படி. எட்டு வரைக்கும் எண்ணி முடிச்சார், கொஞ்ச நேரத்துல பெல்லும் அடிச்சிடுச்சு.

‘ரெஃப்ரி ஃபியூரியைக் காப்பாத்திட்டார்’னு இன்னமும் சொல்றாங்க. மூணு ஜட்ஜும் பாயிண்ட் போட்ட கார்டைப் பாருங்க. உசிக்குக்கு 115-112, 114-113. ஃபியூரிக்கு ஒண்ணு, 114-113. அந்த நாக்டவுனுக்காகப் போன ஒரு பாயிண்டை ஃபியூரிக்குத் திருப்பிக் கொடுத்தா ரெண்டாவது கார்டு 114-114 ஆயிடும், மொத்தச் சண்டையும் டிரா. காப்பாத்தினதும் அந்த எண்ணிக்கைதான், தோற்கடிச்சதும் அதுதான். டிசம்பர்ல மறுபடி மோதினப்ப மூணு கார்டும் உசிக்குக்கு 116-112. அதுல பேச ஒண்ணுமில்ல.

*

அண்ணே, குத்துச்சண்டைல ஜட்ஜு கண்ணை நம்பித்தான் எல்லாம். எனக்கு அது ஒத்து வராது. நான் பேஸ்கெட்பால் ஆளு.

2025 மே 21, மேடிசன் ஸ்கொயர் கார்டன், என்பிஏ கிழக்குப் பிரிவு இறுதியோட முதல் ஆட்டம், நியூயார்க் – இண்டியானா. கடைசி மூணு நிமிஷத்துக்குள்ள நியூயார்க் நிக்ஸ் 14 பாயிண்ட் முன்னாடி நிக்குது. பாதிப் பேர் டிவியை அணைச்சிருப்பாங்க. அங்கிருந்து இண்டியானால நெஸ்மித்னு ஒருத்தர் த்ரீ பாயிண்டரா போட்டுத் தள்ளுறார். நாலாவது குவார்ட்டர்ல மட்டும் ஆறு!

கடைசி நொடி, ரெண்டு பாயிண்ட் பின்தங்கி இருக்காங்க. இண்டியானாவோட ஹாலிபர்டன் த்ரீ பாயிண்ட் கோட்டுக்குப் பின்னாடி போய் எறியறார். பந்து ரிம்மோட பின்பக்கம் பட்டு நேரா மேல போகுது. அது திரும்பி இறங்குறதுக்குள்ள பஸ்ஸர் அடிச்சாச்சு. வலைக்குள்ள விழுந்துடுச்சு. மூணு பாயிண்ட், ஜெயிச்சாச்சுன்னு நினைச்சுக் கழுத்தைப் பிடிச்சுக் காட்டிட்டு ஓடறார். ‘நீங்க பயத்துல தொண்டை அடைச்சுப் போயிட்டீங்க’ன்னு அர்த்தம், 1994-ல அதே அரங்கத்துல இண்டியானாவோட ரெஜி மில்லர் காட்டின சைகை அது. மில்லரே அன்னிக்குக் கமெண்ட்ரில உட்கார்ந்திருந்தார்!

அப்புறம் ரீப்ளே. கால்விரல் அந்தக் கோட்டு மேல. மூணு இல்ல, ரெண்டு. 125-125, ஓவர்டைம். ஆனா அந்த ரீப்ளேவை நாமளும் பார்த்தோம், அரங்கமும் பார்த்துச்சு. ஒருத்தரும் சண்டைக்கு வரல. ஓவர்டைம்ல இண்டியானா 138-135-னு எடுத்தாங்க.

அதே ஆளு ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்துல, முதல் குவார்ட்டர்லயே யாரும் தொடாம விழுந்து தரையை அறைஞ்சப்பவும் எழுந்து நின்னேன். குதிகால் தசைநாண் அறுந்துபோச்சு. கெண்டைக்கால் வலியோட ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருந்தவர். எதிரணி ஓக்லஹோமா 103-91-ல கோப்பையை வாங்கினாங்க. நல்ல டீம்தான், குறை சொல்லல. ஆனா அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க எனக்கு மனசு வரல.

*

நாமளும் பார்த்தோம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் விஷயம். கால்பந்துல அது இல்லையே.

2025 மார்ச் 12, ஒரே ஊர் டீமுங்க ரியால் – அட்லெட்டிகோ மோதுற மாட்ரிட் டெர்பி, சாம்பியன்ஸ் லீக். முதல் நிமிஷம் முடியறதுக்குள்ள அட்லெட்டிகோவுக்கு கோல். ரியாலோட வினிசியஸ் பெனால்டியை கோலுக்கு மேல அடிச்சுட்டார். ரெண்டு ஆட்டமும் சேர்த்து 2-2, ஷூட் அவுட். அட்லெட்டிகோவோட ஹூலியன் ஆல்வரெஸ் ஓடி வர்றார், ஊனின கால் வழுக்குது, ஆனாலும் பந்து உள்ள. மொத்த ஸ்டேடியமும் கத்துது. அடுத்து ரியால் ஆளு வால்வெர்டே உதைக்கத் தயாராகுறப்போ கோல் இல்லைன்னு சேதி வருது. வழுக்கின இடது கால் பந்தை முதல்ல உரசிடுச்சாம். ரெண்டு தடவை தொட்டா கோல் செல்லாது.

பத்திரிகையாளர் கூட்டத்துல அட்லெட்டிகோ கோச் சிமியோனே, ‘ரெண்டு தடவை தொட்டதைப் பார்த்தவங்க கை தூக்குங்க’ன்னு கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி போதும். மறுநாள் போட்டியை நடத்துற யூஇஎஃப்ஏ ஒரு வீடியோ விட்டு, லேசா பட்டிருக்குன்னு சொன்னாங்க. பட்டிருக்கும், நான் இல்லைங்கல. வழுக்கி விழுந்தவனுக்கு என்ன ஆதாயம் அதுல? ஜூன் மாசம் விதியையே தெளிவுபடுத்தினாங்க: தெரியாம ரெண்டு தடவை பட்டு கோல் ஆனா, திரும்ப அடிக்க விடணும். அட்லெட்டிகோ அதுக்குள்ள ஷூட் அவுட்ல 4-2-ன்னு தோத்து வீட்டுக்குப் போய் மூணு மாசம்.

*

டைசன் – ஜேக் பால் குத்துச்சண்டை பார்த்து எழுந்தவங்க யாராவது உண்டா? நான் எழுந்தேன், தூங்கப் போறதுக்கு. 58 வயசு டைசனை ரெண்டு நிமிஷ ரவுண்டுல எட்டு ரவுண்டு நிக்க வெச்சு வேடிக்கை. இதுல ஸ்ட்ரீமிங் வேற சுத்திக்கிட்டே இருந்துச்சு.

*

தம்பி, சரியாச் சொன்ன. அதை சண்டைக் கணக்குலயே நான் சேர்க்கல.

ஆல்வரெஸ் விஷயத்துல நானும் உங்க கட்சிதான். ஆனா கேமரா இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு மட்டும் சொல்லாதீங்க. 2025 மே மாசம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இண்டர் – பார்சிலோனா ரெண்டாவது ஆட்டம் பார்த்தீங்களா? பார்சிலோனா 3-2. பார்சிலோனாவோட யமால் அடிச்சது போஸ்ட்ல பட்டு வெளியே போகுது. அப்புறம் ஸ்டாபேஜ் டைம் மூணாவது நிமிஷத்துல இண்டரோட அச்செர்பி கோல் போடறார். 37 வயசு டிஃபெண்டர், இடது கால்காரர், அடிச்சது வலது கால்ல! அதுக்கு முன்னாடி தன் ஆளைத் தள்ளிட்டாங்கன்னு பார்சிலோனா புலம்புச்சு, ரெஃப்ரி கண்டுக்கவே இல்ல. அவர் பேர் மார்சினியாக், ஆல்வரெஸ் கோலை அழிச்ச ஆட்டத்துக்கும் அதே ஆளுதான் ரெஃப்ரி. ஒரு ராத்திரி உரசலுக்கு கோல் போச்சு, இன்னொரு ராத்திரி தள்ளினதுக்கு ஒண்ணும் இல்ல.

இண்டர் ஓவர்டைம்ல முடிச்சு, மொத்தம் 7-6-னு ஃபைனலுக்குப் போனாங்க. அங்க பிஎஸ்ஜிகிட்ட 0-5. அந்தக் கோப்பையோட ஃபைனல்ல இவ்வளவு பெரிய வித்தியாசத்துல யாரும் தோத்ததே இல்ல. அன்னிக்கு நான் எழுந்தே நிக்கல, உட்கார்ந்தபடியே பார்த்தேன். பெண்கள் யூரோ கால்பந்து ஃபைனல், ஷூட் அவுட் பார்த்தவங்க யாராவது இருந்தா அடுத்து எழுதுங்கப்பா.