தோழிப்பொண்ணு வேலை

நான்: ஃப்ரெண்டு கல்யாணத்துல என்னைத் தோழிப்பொண்ணா, அதான் பிரைட்ஸ்மெய்டா, நிக்கச் சொல்லிட்டா. மூணு பேர்ல நான்தான் முக்கியமாம். சரின்னுட்டேன், இப்ப வயித்தக் கலக்குது

பெரியம்மா: இதுல என்னடி கலக்கம்? பொண்ணு பக்கத்துல அழகா நின்னு போட்டோ எடுத்துக்கப் போற

அண்ணி: பெரியம்மா 😂 நான் ரெண்டு தடவ நின்னிருக்கேன். பாதி போட்டோல என் முதுகுதான் தெரியும். குனிஞ்சு கவுனைச் சரி பண்ணிட்டே இருந்தேன்

நான்: என்னென்ன செய்யணும் அண்ணி? வரிசையா சொல்லுங்க

அண்ணி: வரிசையெல்லாம் வராது. அன்னிக்கு அவளுக்கு ரெண்டு கை பத்தாது, மிச்சக் கை நீதான். மோதிரம் மாத்துறப்ப பூங்கொத்தை வாங்கிக்கோ. திரும்பி நடக்கறதுக்குள்ள மறக்காம குடுத்துடு. நான் மறந்துட்டு ரெண்டு பூங்கொத்தோட நடந்து வந்தேன் 🤦‍♀️

அண்ணி: அப்புறம் ட்ரெயின், அதான் கவுனுக்குப் பின்னாடி தரையில இழுபடுற நீளத் துணி. அவ நின்னதும் விரிச்சு விடணும். விருந்துக்கு முன்னாடி மடிச்சு கவுன்லயே இருக்கற கொக்கியில மாட்டணும். எங்க கொக்கி இருக்குன்னு தைக்கிறவங்ககிட்ட கேட்டு, முன்னாடியே ஒரு தடவ மாட்டிப் பாத்துடு

மாமா: 1840-ல விக்டோரியா ராணி கல்யாணத்துல ட்ரெயின் பிடிக்க 12 பொண்ணுங்க. அத்தனை பேருக்குத் துணி நீளம் பத்தாம நெருக்கியடிச்சு நடந்தாங்களாம்

பெரியம்மா: தம்பி உனக்கு ராணி கதை கிடைச்சா போதும்

நான்: மாமா 😂 நாங்க மூணு பேர்தான்

அண்ணி: பெரிய கவுன்னா பாத்ரூமுக்கும் கூடப் போகணும். துணியைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்

பெரியம்மா: கருமம்

அண்ணி: நிஜமாத்தான் பெரியம்மா

மாமா: சாட்சிக் கையெழுத்தும் இவதானா?

அண்ணி: சில பேர் தோழியையே போடச் சொல்வாங்க. ரூல் ஊருக்கு ஊர் வேற. இப்பவே கேட்டுக்கோ, அடையாள அட்டையும் எடுத்துட்டுப் போ

அண்ணி: எல்லாத்தையும் விடப் பெரிய வேலை, "கார் எங்க, கேக் வந்துச்சா"ன்னு வர்ற கேள்வி எதுவும் அவ காதுக்குப் போகக் கூடாது. அவ போனை வாங்கி நீ வெச்சுக்கோ

நான்: ஓகே. பையில என்ன வெச்சுக்கணும்?

அண்ணி: ஊக்கு, ஊசி நூல், டிஷ்யூ, தலைவலி மாத்திரை, ஸ்ட்ரா

பெரியம்மா: ஸ்ட்ரா எதுக்கு?

அண்ணி: தண்ணி குடிச்சா லிப்ஸ்டிக் போயிடும்ல

பெரியம்மா: அட. சரி, ஒரு கையில பூ, இன்னொரு கையில துணி. அந்தப் பையை எங்கடி வெப்ப? உன் டிரெஸ்ல பாக்கெட் இருக்கா?

நான்: ...இல்ல

பெரியம்மா: தைக்கக் குடுத்தாச்சா?

நான்: நேத்துதான் குடுத்தேன்

பெரியம்மா: உடனே போன் போட்டு ரெண்டு பக்கமும் வெக்கச் சொல்லு