மெண்டோசாவை மைதானத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்காக 2014, 2015 என இரண்டு சீசன் ஆடிய கொலம்பியா ஸ்ட்ரைக்கர் ஸ்டீவன் மெண்டோசாவை நேரில் பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். அவரவர் பார்த்ததை எழுதுங்கள். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

2014 அக்டோபரில் நேரு ஸ்டேடியத்துக்கு நான் போனது பிரேசிலின் எலானோவையும் இத்தாலியின் மாட்டரசியையும் பார்ப்பதற்குத்தான். ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய முதல் வருடம் அது. தெல் பியேரோ, த்ரெசகே, யுங்பெரி என்று பத்து வருடம் டிவியில் பார்த்தவர்கள் எல்லாம் இங்கே வந்து இறங்கிய நேரம். எல்லாருக்கும் வயது முப்பதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது, கால்களில் அந்தக் களைப்பு தெரிந்தது. அவர்களுக்கு நடுவில் 22 வயதில் ஒரு பையன். பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "யாருப்பா அது, பந்து வர்றதுக்கு முன்னாடியே ஓடுறான்" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவில் ஓட்டப்பந்தய டிராக் கிடக்கும், அதனால் முகம் எதுவும் சரியாகத் தெரியாது. ஆனால் ஓட்டத்தை வைத்தே மெண்டோசாவைக் கண்டுபிடித்துவிடலாம். மற்ற 21 பேரும் ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள், ஒருவர் மட்டும் வேறு வேகத்தில்.

அந்த வருடம் அவர் அடித்தது 4 கோல்தான். பேர் வாங்கியது எலானோ, 8 கோல், அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட். லீக்கில் முதலிடம் பிடித்துவிட்டு அரையிறுதியில் கேரளாவிடம் எக்ஸ்ட்ரா டைமில் தோற்ற அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை, விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்தது. 2015 ஜனவரியில் அவரை கொரிந்தியன்ஸ் வாங்கியது. சாவ் பாலோவின் கொரிந்தியன்ஸ்! ஓய்வுபெறப் போகிறவர்கள் வந்து போகிற இடம் என்று பேசப்பட்ட லீக்கிலிருந்து ஒருவர் நேராக பிரேசிலின் பெரிய கிளப்புக்குப் போகிறார். அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொந்தத் தம்பிக்கு வேலை கிடைத்த சந்தோஷம்.

அப்புறம் அதே வருடம் அவர் லோனில், அதாவது கொரிந்தியன்ஸ் ஒரு சீசனுக்கு இரவல் கொடுத்து, சென்னைக்குத் திரும்பி வந்தார். கொரிந்தியன்ஸ் அந்த ஆண்டு பிரேசில் சாம்பியன் ஆனது. இவர் இங்கே, பெரியமேட்டில், எங்களுக்காக ஓடிக்கொண்டிருந்தார். நவம்பர் பாதியில் நாம் பட்டியலில் கடைசி. 21ஆம் தேதி கேரளா வந்தது, மழை விட்டும் விடாமலும் இருந்த சனிக்கிழமை. 4-1, மெண்டோசா ஹாட்ரிக். அதிலிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டத்தையும் ஜெயித்து அரையிறுதிக்குள் போனோம்.

போன நேரத்தில் ஊர் மூழ்கிவிட்டது. எங்கள் வீடு முடிச்சூர், தரைத்தளம். டிசம்பர் 2 காலையில் நாங்கள் மொட்டை மாடியில் இருந்தோம். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேவுக்கு மாற்றினார்கள், 12ஆம் தேதி கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம், பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா ஆளுக்கு ஒன்று. எங்கள் டிவி தண்ணீரில் போய்விட்டது. இறுதியாட்டத்தை மாடி வீட்டுக்காரர் வீட்டில் பார்த்தோம், அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை. கீழே எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு சேற்றுக் கோடு இன்னும் காயாமல் இருந்தது. கடைசி நிமிடத்தில் மெண்டோசாவின் கோல் விழுந்தபோது மூன்று வாரமாக அழாத என் அப்பா அழுதார். அவர் அதுவரை கால்பந்து பார்த்ததே இல்லை.

—

அண்ணா, நான் வியாசர்பாடி. முல்லை நகர் கிரவுண்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், 2015ல் நானே ஆடிக்கொண்டிருந்தவன்.

எங்கள் ஏரியாவில் ஃபுட்பால் என்பது ஐஎஸ்எல் வந்து கற்றுக்கொடுத்த விஷயம் இல்லை. ஆனால் மெண்டோசா வந்த பிறகு பசங்கள் ஆடுகிற விதம் மாறியது, அதை நான் கண்ணால் பார்த்தேன். அதுவரை எல்லாருக்கும் பந்து காலில் இருக்க வேண்டும், நாலு பேரை ஏமாற்ற வேண்டும். இவரை இரண்டு ஆட்டம் கேலரியில் உட்கார்ந்து பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தேன். பாதி நேரம் சும்மா நடந்துகொண்டிருப்பார். டிஃபெண்டருக்குப் பக்கவாட்டில், அவர் கண்ணுக்குப் படாத அந்தக் கொஞ்ச இடத்தில். நம் ஆள் பந்தோடு தலையைத் தூக்கியதும் டிஃபெண்டர் பந்தைப் பார்ப்பார் இல்லையா, அந்த நொடியில் கிளம்பிவிடுவார். முதல் மூன்று அடியிலேயே கதை முடிந்திருக்கும். அதற்குமேல் ஓடுவதெல்லாம் கணக்கு வழக்கு. பாஸ் வருவதற்கு முன்பே டிஃபெண்டர்களைத் தாண்டிவிட்டார் என்று ஆஃப்சைடு கொடியும் நிறைய எழும், அவர் அதைப் பொருட்படுத்தவே மாட்டார், திரும்ப நடந்து வந்து அதே இடத்தில் நிற்பார்.

இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு நான் வைக்கிற முதல் பயிற்சி இதுதான். பந்தே கிடையாது. ஒருவன் டிஃபெண்டர், ஒருவன் ஃபார்வர்டு, நான் கையைத் தூக்குவேன், டிஃபெண்டர் என் கையைப் பார்த்த நொடியில் மற்றவன் கிளம்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மெண்டோசா யாரென்றே தெரியாது. பயிற்சிக்குப் பெயர் மட்டும் "மெண்டோசா" என்று நின்றுவிட்டது.

—

நான் கோவாவில் மட்காவ் ஊரில் 2013 முதல் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் காரைக்குடி. ஃபதோர்டா மைதானத்தில் இவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதலாவது 2015 அக்டோபர், கோவாவை அவர்கள் ஊரிலேயே 4-0, அதில் இவருக்கு மூன்று. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், சுற்றி எல்லாம் கோவாக்காரர்கள்.

இரண்டாவது டிசம்பர் 20, இறுதியாட்டம். ஜீகோ பயிற்சியாளர், லூசியோ கேப்டன், சொந்த மைதானம், கோவா தோற்கும் என்று அந்த ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. இரண்டாம் பாதியில் நமக்கு ஒரு பெனால்டி. பெலிசாரி அடித்ததை கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நாலு நிமிடத்தில் கோவாவின் ஹாவோகிப் சமன் செய்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெனால்டி, இந்த முறை மெண்டோசா. அதையும் கட்டிமணி தடுத்துவிட்டார். சீசன் முழுக்கக் கோல் அடித்த கால், இறுதியாட்டத்தில் தவறிவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 87வது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீகிக்கில் அடித்து கோவா 2-1. எனக்கு முன்வரிசைப் பெரியவர் எழுந்து நின்று கைகூப்பிவிட்டு, பேரனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

90வது நிமிடம், இரண்டு பெனால்டியைப் பிடித்த அதே கட்டிமணிக்குச் சேம் சைடு கோல். அதை ஜீரணிப்பதற்குள் இரண்டு நிமிடத்தில் மெண்டோசா. 3-2. மைதானமே வாயடைத்துப்போனது, மூலையில் சென்னையிலிருந்து வந்திருந்த கொஞ்சம் பேரின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. சீசனில் அது அவருக்கு 13வது கோல், கோல்டன் பூட்டும் லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. பெனால்டியைத் தவறவிட்டு அரைமணி நேரம் கழித்தும் கடைசி ஓட்டத்தை ஓடுவதற்கு ஒரு ஆளுக்குக் கால் எப்படி வருகிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தோளில் இருந்த அந்தப் பேரன் அழுததும் மறக்கவில்லை.

—

வணக்கம். நான் பாரிஸ், லா சப்பலில் இருக்கிறேன், ஊர் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரிலும் உதைபந்தாட்டம் என்றால் உயிர்.

மெண்டோசா 2018இல் பிரான்சின் அமியென் கழகத்துக்கு வந்தார். முதலாம் பிரிவில் ஆடிய சின்னக் கழகம் அது. எங்களுக்கு கார் து நோர் நிலையம் நடந்துபோகிற தூரம், ரயில் ஏறினால் ஒன்றரை மணிக்குள் அமியென். சென்னையில் ஆடினவர் என்று தெரிந்ததும் நானும் மச்சானும் ஒரு ஆட்டத்துக்குப் போனோம். அங்கே லிகோர்ன் மைதானத்தின் பக்கங்கள் உயரமாக வளைந்தவை, காற்று நேராக அடிக்காது, ஆனாலும் சரியான குளிர். அங்கே அவர் கோலுக்கு முன்னால் நிற்கிற ஆள் இல்லை, ஓரத்தில் ஆட விட்டிருந்தார்கள். எதிரணியின் பின்கள வீரரைத் துரத்திக்கொண்டு எங்கள் வரிசைக்குக் கீழே வரைக்கும் ஓடி வந்தார். மூச்சு வாங்குவது கேட்கிற தூரம். சென்னையில் நட்சத்திரமாக இருந்தவர் இங்கே எவ்வளவு பாரம் சுமக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. மச்சான் எழும்பி "மெண்டோசா, சென்னை!" என்று கத்தினார். அவருக்குக் கேட்டிருக்குமோ தெரியாது.

2020 ஏப்ரலில் கொரோனாவால் லீக்கை அப்படியே நிறுத்தினார்கள். பத்து ஆட்டம் மிச்சம் இருந்தது, அமியென் 19ஆவது இடம், இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள். ஆடித் தோற்றால் மனம் ஆறும். ஆட விடாமல் இறக்கியது அநியாயம் என்றுதான் இப்பவும் சொல்வேன்.

—

பாரிஸ் அண்ணனுக்கு நன்றி, லிகோர்ன் பற்றி நான் ஹைலைட்ஸ் பார்த்ததோடு சரி.

இடையில் விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். 2016 அமெரிக்காவின் நியூயார்க் சிட்டி அணி, வியேரா பயிற்சியாளர், கூடவே வியா, பிர்லோ, லாம்பார்ட். 2017 பிரேசிலில் சால்வடோர் நகரத்தின் பாயியா அணி. அமியெனுக்குப் பிறகு பிரேசிலின் வடகிழக்கில் செயரா, அங்கேதான் மறுபடி கோல் அடிக்கிற மெண்டோசாவைப் பார்த்தோம். 2023 தொடக்கத்தில் சாண்டோஸ். பெலே இறந்து சில நாள்கூட ஆகாத சாண்டோஸ், எலானோ ஆடிய சாண்டோஸ். கரும்புக் காடு சூழ்ந்த பல்மிராவில் பிறந்தவர் இத்தனை ஊர் சுற்றியிருக்கிறார். எந்த ஊரிலும் நிலையாக உட்கார விடவில்லை என்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் போன இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வியாசர்பாடி தம்பி, அந்த மூன்று அடிப் பயிற்சியை வீடியோ எடுத்துப் போடுங்கள், என் மகனுக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு கேள்வி. புனே பாலேவாடியில் அந்த 3-0 அரையிறுதியை நேரில் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? நம் வீட்டு ஆட்டம் அது, நம்மில் பெரும்பாலோர் அன்று தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டிருந்தோம். இருந்தால் கேலரி எப்படி இருந்தது, மெண்டோசா கோல் அடித்ததும் யார் கத்தினார்கள் என்று எழுதுங்கள்.