புதிய லைட்ரூம் என் கணினியில் ஓடுமா? அவசரம்

சுற்றுமதில் (செவ்வாய், இரவு 11:42)
வணக்கம். கொழும்பு ஆடிவேல் திருவிழாப் படங்கள் 640 கிடக்கின்றன. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை ரதத்தின் பின்னாலேயே நடந்து எடுத்தவை. இருட்டிய பிறகு எடுத்த எல்லாவற்றிலும் இரைச்சல், புள்ளி புள்ளியாக. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமின் புதிய பதிப்பில் இதை ஒரே அழுத்தில் நீக்கலாம் என்று நண்பர் தன் கணினியில் காட்டினார், மாயம் போல இருந்தது. என்னிடம் இருப்பது பழைய பதிப்பு, கணினியும் கொஞ்சம் பழையது. புதியதைப் போடலாமா? சனிக்கிழமை கோவில் சபைக்குப் படங்களைக் கொடுக்கவேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மழைக்கோட்டு (புதன், காலை 6:10)
என்ன கணினி? எந்த விண்டோஸ்? ரேம் எவ்வளவு? கிராபிக்ஸ் கார்ட் உண்டா? "கொஞ்சம் பழையது" என்றால் என் மாமாவின் காரும் கொஞ்சம் பழையதுதான்.

தூசிதட்டி (புதன், காலை 7:25)
எதைப் போடுவதற்கு முன்னாலும் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி விசிறியைப் பாருங்கள். காலி வீதியை ஒட்டிய வீடு என்றால் உள்ளே கடற்காற்றின் ஈரமும் தூசும் சேர்ந்து கம்பளி விரித்ததுபோல் இருக்கும். சூடேறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதிப் பேர் "மென்பொருள் ஓடவில்லை" என்று அழுவது இதனால்தான்.

இருட்டறை (புதன், காலை 8:02)
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை போலும். லைட்ரூமை வெளியிடும் அடோபியே தன் தளத்தில் தேவைப் பட்டியலைப் போட்டிருக்கிறது: ரேம் குறைந்தது 8 ஜிபி, பரிந்துரை 16. தமிழில் கேட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அதை வாசித்து முடித்திருக்கலாம்.

மழைக்கோட்டு (புதன், காலை 8:15)
இருட்டறை ஐயா, ரேம் மட்டும் பார்த்தால் போதாது. நண்பர் காட்டியது இரைச்சல் நீக்கும் டினாய்ஸ் வசதியாக இருக்கவேண்டும், 2023 ஏப்ரலில் வந்தது. அது கிட்டத்தட்ட முழுக்க கிராபிக்ஸ் கார்டின் முதுகில் சவாரி செய்வது. நல்ல கார்ட் இருந்தால் ஒரு படம் சில வினாடிகளில் முடியும். செயலியோடு ஒட்டிய கிராபிக்ஸ் என்றால் ஒரே படத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

சுற்றுமதில், விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி டிஎக்ஸ்டயாக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். முதல் பக்கத்தில் செயலியும் ரேமும் இருக்கும், டிஸ்பிளே என்ற பக்கத்தில் கிராபிக்ஸ் பெயர் இருக்கும். இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் (புதன், காலை 9:40)
ஒரு சின்னக் கேள்வி. இப்போது இருக்கும் பழைய லைட்ரூம் எந்தப் பதிப்பு, எங்கே வாங்கியது? சந்தாவா, அல்லது கணினி வாங்கிய கடையில் "போட்டுத் தந்த"தா? பதில் அதைப் பொறுத்து மாறும்.

சுற்றுமதில் (புதன், பகல் 12:55)
மன்னிக்கவும், வேலைத்தலத்தில் இருக்கிறேன். ஐ5-7200யூ, 8 ஜிபி ரேம், இன்டெல் எச்டி 620 என்று காட்டுகிறது. விண்டோஸ் 10. சி டிரைவில் 11 ஜிபி மிச்சம். போதுமா?

தூசிதட்டி (புதன், பகல் 1:03)
விசிறியைப் பார்த்தீர்களா?

மழைக்கோட்டு (புதன், பகல் 1:30)
நேராகச் சொல்கிறேன். நிறுவலாம், ஒருவேளை திறக்கவும் செய்யும். ஆனால் நீங்கள் ஆசைப்படும் அந்த ஒரு வேலைக்கு இந்தக் கணினி ஆகாது. எச்டி 620க்குத் தனி நினைவகம் கிடையாது. இருக்கும் 8 ஜிபியிலேயே விண்டோஸும் லைட்ரூமும் கிராபிக்ஸும் பங்குபோடவேண்டும். செயலியில் இருப்பவை இரண்டே கோர்கள்.

ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றே வையுங்கள். 640 படத்துக்கு 106 மணித்தியாலம். இன்றைக்குத் தொடங்கி, இடையில் மின்சாரம் ஒருமுறைகூடப் போகாவிட்டாலும் ஞாயிறு நள்ளிரவுதான். சபையார் அதற்குள் அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இடமும் போதாது. அந்த வசதி வந்த காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக டிஎன்ஜி என்ற வகைப் படக் கோப்பொன்றை உருவாக்கியது, அது மூலப் படத்தைவிடப் பெரிது. 11 ஜிபி எந்த மூலைக்குக் காணும்?

இருட்டறை (புதன், பகல் 2:11)
2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. ஐ5-7200யூ இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஏற்கும். ஆக, கேள்வியே காலாவதியானது. புதுக் கணினி வாங்குங்கள்.

பழைய பிலிம் (புதன், பகல் 2:50)
வாங்குங்கள் என்று சொல்வது எளிது ஐயா. டொலர் ஏறிய பிறகு மடிக்கணினி விலையை யாராவது பார்த்தீர்களா?

எனக்கு வேறொரு குறை. "இரைச்சல்", "இரைச்சல்" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். படத்தில் எப்படி இரைச்சல் வரும்? இரைச்சல் காதுக்கு. நாங்கள் பிலிம் காலத்தில் கிரேன், அதாவது குருணை, என்போம். டிரை-எக்ஸ் 400 பிலிமை அதன் வேகத்துக்கு மேலே 1600க்குத் தள்ளி எடுத்து, அந்தக் குருணைக்காகவே பெருமைப்பட்டோம்.

கொட்டாஞ்சேனைக்காரன் (புதன், பிற்பகல் 3:05)
குருணை நல்ல சொல். ஆனால் பிலிமில் இருந்தது வெள்ளி உப்பின் மணி, இது சென்சாரின் மின்சமிக்ஞையில் வரும் தடுமாற்றம். இரண்டும் ஒன்றல்ல. சமிக்ஞைக்கு எதிர்ப்பதமாகத்தான் இரைச்சல் என்ற சொல் வந்தது. வானொலியில் கரகரப்பு என்பதுபோல.

பழைய பிலிம் (புதன், பிற்பகல் 3:20)
அப்படியானால் கரகரப்பு என்றே எழுதலாமே. "படம் கரகரவென்று இருக்கிறது" என்றால் என் மனைவிக்கும் புரியும். படத்தில் இரைச்சல் என்றால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கப் போவாள்.

இருட்டறை (புதன், பிற்பகல் 3:31)
கலைச்சொல்லை வீட்டுக்கு வீடு மாற்றமுடியாது.

பழைய பிலிம் (புதன், பிற்பகல் 3:34)
வீட்டில் புழங்காத கலைச்சொல் அகராதியோடு போய்விடும்.

தாமரைத்தடாகம் (புதன், மாலை 5:18)
சொற்போர் நடக்கட்டும். சுற்றுமதில் அண்ணா, பணமில்லாமல் ஒரு வழி: டார்க்டேபிள். திறந்த மூலம், இலவசம். அதில் கரகரப்பு நீக்கும் ஒரு பகுதி உண்டு. உங்கள் கமராவின் ஒவ்வோர் ஐஎஸ்ஓவுக்கும் (ஒளியுணர்வு அளவு) முன்பே அளந்துவைத்த விவரத்தை எடுத்து வேலைசெய்யும், பெரிய கிராபிக்ஸ் கேட்காது. நண்பரின் மாயம் வராது, ஆனால் சனிக்கிழமைக்கு முடியும். பழகத்தான் ஓரிரு நாள் தலை சுற்றும்.

இருட்டறை (புதன், மாலை 5:40)
நாலு நாள் கெடுவுக்குப் புதிய மென்பொருளைப் பழகச் சொல்வதுதான் இலவச ஆலோசனையின் விலை.

மழைக்கோட்டு (புதன், மாலை 6:25)
இதில் இருட்டறை சொல்வது சரி, நானே வியக்கிறேன். வேலை நடுவில் இருக்கும்போது எதையும் மாற்றவேண்டாம். இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. லைட்ரூம் கிளாசிக்கில் பெரிய பதிப்பு மாறும்போது, படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் கெட்டலொக்கையும் புதிய வடிவத்துக்கு மாற்றும். பழைய கெட்டலொக் அப்படியே கிடக்கும், ஆனால் புதியதில் செய்த திருத்தங்களைப் பழைய லைட்ரூமால் திறக்கமுடியாது. வியாழன் இரவு புதியதில் முந்நூறு படத்தைத் திருத்திவிட்டு, வெள்ளிக்கிழமை "இது தவழ்கிறது, பழையதற்கே போகிறேன்" என்றால் அந்த முந்நூறும் போச்சு.

எப்படியும் முயன்றே தீருவேன் என்றால் ஏழு நாள் சோதனை இருக்கிறது, அட்டை விவரம் கேட்கும். வேறொரு கணினியில், பத்துப் படங்களை மட்டும் நகலெடுத்து, வெறும் கெட்டலொக்கில் போட்டு நேரத்தை அளந்து பாருங்கள்.

அது சரி, எந்தக் கமரா? ரோவிலா (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன் (புதன், இரவு 7:02)
சோதனைப் பதிப்பைப் போடுமுன் என் கேள்விக்குப் பதில் வந்தால் நல்லது. கடையில் "போட்டுத் தந்த" பதிப்பின் மேல் உண்மையானதை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து முரண்டு பிடிப்பதை என் தம்பியின் கணினியில் கண்டேன்.

சுற்றுமதில் (புதன், இரவு 10:20)
நிக்கோன் டி7200. அட்டையில் இடம் பற்றாது என்று ஜேபெக்கில் வைத்தேன். எல்லாப் படமும் ஜேபெக்தான். ஏன், அதில் ஏதாவது பிரச்சினையா?

மழைக்கோட்டு (புதன், இரவு 10:26)
ஐயோ.

மழைக்கோட்டு (புதன், இரவு 10:34)
டினாய்ஸ் ரோ கோப்புகளுக்கென்றே வந்த வசதி. ஜேபெக்கைத் தெரிவுசெய்தால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். நண்பர் காட்டியது அவருடைய ரோ படமாக இருக்கும். இதுவரை நாம் பேசிய கிராபிக்ஸ், 106 மணித்தியாலம், விண்டோஸ் 11, எல்லாமே உங்களுக்கு வேண்டாத பேச்சு. புதுக் கணினி வாங்கியிருந்தாலும் இந்த 640 படத்துக்குப் பயன்பட்டிருக்காது.

பழைய லைட்ரூமிலேயே டீட்டெய்ல் பகுதியில் இரைச்சலைக் குறைக்கும் லூமினன்ஸ் என்ற நகர்த்துகோல் இருக்கிறது. 25இலிருந்து 40 வரை நகர்த்திப் பாருங்கள். அதற்கு மேல் போனால் குருக்கள் முகம் மெழுகுபோல் ஆகும். ஒரு படத்தில் சரிவந்ததும் அதே திருத்தம் மற்றவற்றுக்கும் ஏற சிங்க் கொடுங்கள். 640இல் சபையாருக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டும் பாருங்கள். நூறுக்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள்.

இருட்டறை (வியாழன், காலை 6:48)
முதல் பதிவிலேயே கோப்பு வகையைச் சொல்லியிருந்தால் இருபது பதில்கள் மிச்சம்.

பழைய பிலிம் (வியாழன், காலை 7:15)
நீங்களும் கேட்கவில்லையே ஐயா.

தம்பி, அச்சிடும்போது அந்தக் குருணை பாதி மறைந்துவிடும். திரையில் முழு அளவுக்குப் பெருக்கிப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ஓர் அஞ்சலட்டை அளவு அச்செடுத்துப் பாருங்கள்.

தூசிதட்டி (வியாழன், காலை 9:30)
விசிறி?

சுற்றுமதில் (ஞாயிறு, இரவு 9:05)
படங்களைக் கொடுத்துவிட்டேன். பழையதிலேயே செய்தேன். லூமினன்ஸை 35இல் வைத்தேன். 120 படம் போதும் என்றார்கள். அச்சில் கரகரப்பே தெரியவில்லை. பெரிய அட்டை ஒன்று வாங்கிவிட்டேன், இனி ரோவில்தான். விசிறியைக் கழற்றினேன், உள்ளே ஒரு கரப்பான் இருந்தது. எல்லோருக்கும் நன்றி.

தூசிதட்டி (ஞாயிறு, இரவு 9:07)
சொன்னேன் அல்லவா.

கொட்டாஞ்சேனைக்காரன் (திங்கள், காலை 8:50)
மகிழ்ச்சி. பழைய லைட்ரூம் எங்கே வாங்கியது?